ஏர் ரைஃபிளில் பெல்லட் சரியாக உட்காராமல் மடங்குகிறது, ஏன்?

குழலை மடக்கி லோடு செய்யும் 0.177 அங்குல (4.5 மி.மீ.) ரைஃபிள் என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) டப்பாவைப் பாருங்கள். 4.5 மி.மீ. என்று பொதுவாகச் சொன்னாலும் தலை அளவு 4.49, 4.50, 4.52 என்று மாறும். ஒரு குழலுக்குக் கச்சிதமாக இருப்பது இன்னொன்றில் இறுகும். வேறு அளவையும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் பின்பக்க விளிம்பு. மெல்லிய ஈயம், டப்பா கீழே விழுந்தாலே நசுங்கும். வட்டம் கோணியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். நல்ல பெல்லட்டை, தலை முன்னால் இருக்க, நேராக வைத்து, விளிம்பு குழல் வாயோடு சமமாகும்வரை கட்டைவிரலால் அழுத்துங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான்: கொஞ்சம் துருத்தினாலும் குழலை மூடும்போது மடங்கிவிடும்.

அப்படியும் திணறினால் உள்ளே ஈயக் கசடு இருக்கலாம், சுத்தம் செய்யுங்கள். எண்ணெயை ஊற்றாதீர்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் அழுத்தத்தில் அது பற்றிக்கொண்டு, காற்று கசியாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தைக் கெடுக்கும்.

ஒன்று முக்கியம்: பெல்லட் வைக்கும்போது மறு கை குழலை விடவே கூடாது. ட்ரிகர் நழுவினால் குழல் படாரென்று மூடும், விரல் மாட்டிக்கொள்ளும்.