கன்னங்கரேல் என்ற கருப்பைக் கேட்டு வாங்குவது எப்படி?

கேள்வி: கருப்பு கோட்டுக்கு ஜோடியாக இணையத்தில் ‘ஜெட் பிளாக்’ பேன்ட் வாங்கினேன். வெயிலில் பார்த்தால் லேசாகச் செம்பழுப்பு அடிக்கிறது. ஜெட், ரேவன், மிட்நைட், சார்கோல் இவற்றில் எதுதான் முழுக் கருப்பு?

பதில்: துணிக்கடைப் பெயர்களுக்கு அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு மில்லின் ஜெட் பிளாக் இன்னொரு மில்லின் ஜெட் பிளாக்கோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஜெட் என்பது பழங்காலத்தில் புதைந்த மரம் இறுகி உருவான, நகை செய்ய உதவும் கருநிறக் கல். தீட்டினால் பளபளக்கும் அந்தக் கருப்பைச் சொல்ல வந்த பெயர் அது. ரேவன் அண்டங்காக்கை, இறகின் நீல மினுமினுப்பு அதில் உண்டு. மிட்நைட்டும் நீலப்பக்கம்தான். சார்கோல் அடர்சாம்பல், அதைக் கருப்பு என்று எடுக்காதீர்கள்.

நம் சொற்களில் இந்த விவரம் நன்றாகவே இருக்கிறது. மைக்கருப்பு என்றால் மினுக்கம் இல்லாதது. காக்கைக் கருப்பில் நீலமும், நாவல்பழக் கருப்பில் ஊதாவும் ஓடும். கன்னங்கரேல், அட்டக்கருப்பு இரண்டும் ஆழத்தை மட்டும் சொல்லும், சாயலைச் சொல்லாது. அதனால் ‘நீலம், சிவப்பு ஓடாத கருப்பு, மினுக்கம் வேண்டாம்’ என்று கேளுங்கள்.

கோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு கருப்புகள், சாயம் வேறு என்றால் வெயிலில் பிரிந்துவிடும். வாசலுக்கு வந்து, இரண்டையும் வெள்ளைத்தாள் மேல் ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள். ஓடும் நிறம் உடனே தெரியும். நெசவும் ஒன்றாக இருக்க வேண்டும். வெல்வெட்டின் குத்திட்ட இழைகளுக்குள் வெளிச்சம் சிக்கிக்கொள்வதால் அது அதிகம் கருக்கும். சாட்டின் ஒளியைத் திருப்பி அடிப்பதால் மடிப்புகளில் வெளுத்துத் தெரியும். ஒரே சாயம் தோய்த்தாலும் இந்த வேறுபாடு போகாது.

ஆழ்ந்த கருப்புக்குச் சாயம் நிறையப் பிடிக்கும். இழையில் ஒட்டாத மிச்சம் கழுவாமல் விடப்பட்டால் அது உங்கள் வெள்ளைச் சட்டையில் இறங்கும். நனைத்துப் பிழிந்த வெள்ளைக் கைக்குட்டையால், உள்மடிப்பில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். கறை திட்டாகப் படிந்தால் வாங்க வேண்டாம். வாங்கியதை உட்புறம் வெளியே திருப்பி, தனியாக, குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் காயப்போடுங்கள்.

கேள்வி: இரும்பு கேட்டுக்கு ஜெட் பிளாக் பெயின்ட் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், எண்ணோடு கேளுங்கள். பெயின்ட் நிறங்களுக்கு எண் கொடுக்கும் ஆர்.ஏ.எல். (RAL) நிற அட்டையில் ஜெட் பிளாக் 9005. டிராஃபிக் பிளாக் 9017, கிராஃபைட் பிளாக் 9011. எண் மினுக்கத்தைச் சொல்லாது என்பதால் மேட்டா (மினுக்கம் இல்லாதது), கிளாஸா (பளபளப்பது) என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளாஸ் பூசினால் வானமும் தெருவும் அதில் பிரதிபலிக்கும்; மேட் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கைபட்ட தடமும் தூசியும் சீக்கிரம் தெரியும். தெருப்பக்கக் கேட்டுக்கு இரண்டுக்கும் நடுவிலான செமி கிளாஸ் போதும்.