ரக்பி லீக்கில் உச்சத்தில் இருக்கும்போதே களத்தில் ஆடும் இடத்தை மாற்றி ஆடி ஜெயித்தவர் உண்டா?

உண்டு, டேரன் லாக்யர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் பிரான்கோஸ் அணிக்கு 1995-இல் ஆட வந்தவர். எல்லோருக்கும் பின்னால் நின்று, எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடும் ஃபுல்பேக்காகவே 2003-இல் உலகின் சிறந்த வீரருக்கான கோல்டன் பூட் வாங்கிவிட்டார். அப்புறம் யாராவது இடத்தை மாற்றுவார்களா? 2004-இல் மாற்றினார்! புது இடம் ஃபைவ்-எய்த், முன்னால் நின்று தாக்குதலை நடத்துபவர். அங்கே யோசிக்க நேரமே கிடையாது, தடுப்பவர்கள் முகத்துக்கு நேரே பாய்ந்து வருவார்கள். பழக இரண்டு வருடம் ஆனது என்றே சொல்வேன். குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் மோதும் மாநிலத் தொடரான ஆரிஜினின் 2006 கடைசி ஆட்டத்தில், முடிய சில நிமிடங்களே இருந்தபோது, எதிரணி தவறாக வீசிய பந்தைப் பாய்ந்தெடுத்துக் கோட்டைத் தாண்டினார், குயின்ஸ்லாந்து 16-14. அதே வருடம் பிரான்கோஸ் கேப்டனாக லீக் கோப்பை, இரண்டாவது கோல்டன் பூட். 2011-இல் ஓய்வு.