ஓதிய தண்ணீர் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்கு எட்டு மாதக் குழந்தை. போன வாரம் மூன்று நாள் ராத்திரியில் வீறிட்டு அழுதது. அம்மா பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஓதிக்கொண்டு வந்தார். மறுநாள் எதிர்வீட்டு அக்கா மாதா கோயில் எண்ணெயைத் தடவினார். செவ்வாய்க்கிழமை அங்காளம்மன் கோயில் விபூதி. அம்மா தினமும் வீட்டில் விளக்கேற்றுகிறவர். நான் இயற்பியல் படித்தவன். இதை அறியாமை என்று தள்ளிவிடலாமா? இல்லை, உண்மையிலேயே ஏதாவது சக்தி இருக்கிறதா?

கே., தண்டையார்பேட்டை

அன்புள்ள கே.,

குழந்தையை டாக்டரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அது இல்லை. காது வலியாகக்கூட இருக்கலாம். சரி, காட்டியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

நான் ராயபுரத்தில் வளர்ந்தவன். மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். இடுப்பில் குழந்தை, கையில் மூடி திருகிய தண்ணீர் பாட்டில். தொழுதுவிட்டு வருகிறவர்கள் காலால் செருப்பைத் தேடிக்கொண்டே குழந்தையின் உச்சந்தலையில் ஒரு ஊது, பாட்டிலில் ஒரு ஊது. நிற்கிற பெண்களில் பாதிப்பேர் நெற்றியில் பொட்டு இருக்கும். நீ எந்த மதம் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அம்மாவின் கணக்கு எளிது. குழந்தைக்கும் கடவுளுக்கும் நடுவே கண்ணேறு, காத்துக்கருப்பு, முனி என்று ஒரு கூட்டம் உலவுகிறது. அதை விலக்கத் தெரிந்தவர் யாராயிருந்தாலும் போய் நிற்கலாம். ஆந்திரத்தில் மிஷனரியாக வேலை செய்த பால் ஹீபர்ட் என்ற மானுடவியலாளர் இதைப் பற்றி 1982-ல் ஒரு கட்டுரை எழுதினார். தன்னைப் போன்ற மேற்கத்தியர் படித்த உலகத்தில் மேலே கடவுள், கீழே அறிவியல், நடு மாடியே கிடையாது. அதனால் ஊர்க்காரர்கள் பேய்பிசாசைப் பற்றிக் கேட்டபோது தன்னிடம் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். உங்கள் இயற்பியல் வகுப்பிலும் நடு மாடி இல்லை. அம்மா குடியிருப்பதே அங்கேதான்.

சக்தி இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எங்கள் தெரு அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடியில் கூழ் வார்க்கும் அன்று பம்பைச் சத்தம் ஏறினால் அவருக்கு சாமி வந்துவிடும். முதலில் வலது கட்டைவிரல் நடுங்கும். அப்புறம் பல் கடகடக்கும், கொண்டை அவிழும். "எனக்கு இன்னாடா செஞ்சீங்க?" என்று அதட்டுவார். தெருவே கற்பூரத்தோடு நின்று குறி கேட்கும். வீட்டுக்காரர் இறந்தபிறகு அவர் ஒரு ஜெபக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தார். முதல் வாரமே அங்கேயும் கட்டைவிரல் நடுங்கியது. அங்கே அதற்குப் பெயர் பிசாசு. நாலைந்து வாரம் விரட்டினார்கள். தெருவை அதட்டிய அதே வாய் "போறேன், உட்டுடு" என்று கதறியது. ஞானஸ்நானம் வாங்கியபிறகும் நடுக்கம் நிற்கவில்லை. இப்போது அது அபிஷேகம், அதாவது பரிசுத்த ஆவி இறங்குவது. யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுகிறார். இப்போதும் கட்டைவிரல்தான் முதலில்.

அவர் நடித்தார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நடுக்கம் அவருடையது. அது சாமியா, பிசாசா, பரிசுத்த ஆவியா என்பதைச் சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். அதற்கேற்ற பேச்சு அவருக்குத் தானாக வந்தது.

படித்தால் இதெல்லாம் போய்விடும் என்று நானும் உங்கள் வயதில் நம்பினேன். பெரியம்மை இந்தியாவில் 1975-ல் முடிந்தது. 1980-ல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆத்தா போகவில்லை. சின்னம்மைக்கு வாசலில் வேப்பிலை செருகுகிறோம், தலைக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்க்கிறோம். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் என் சித்தப்பா ஜி.பி.எஸ். கருவிக்குப் பக்கத்திலேயே எலுமிச்சை மிளகாய் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அது வழி சொல்லும்பா. கண்ணு பட்டா அது இன்னா பண்ணும்?"

இதையெல்லாம் ரசித்துக்கொண்டே இருந்துவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்துப்போனார்கள். தர்காவில் குணமாகும் என்று வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள். ஊதுவதும் மந்திரிப்பதும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நடக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. போகாதே என்று தடுக்கிற இடத்தில் அம்மாவானாலும் சண்டை போடுங்கள்.

அப்புறம் அந்த பாட்டில் தண்ணீர். எட்டு மாதக் குழந்தைக்குக் காய்ச்சாமல் கொடுக்காதீர்கள். காய்ச்சினால் ஓதினது போய்விடும் என்று அம்மா சொன்னால், நெற்றியில் தெளித்தால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். என் பாட்டி அதற்கு ஒப்புக்கொண்டார்.