சம்பளம் கூட்டினாலும் நல்ல ஆள் ஏன் நிற்பதில்லை?

"சம்பளம் கூட்டிக் கொடுத்தும் திறமையான ஆட்கள் ஓராண்டுக்குள் போய்விடுகிறார்களே, மேலாளராக என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல முதலாளிக்கும் ஷிப்மென்ட் தேதிக்கும் நடுவில் நிற்பவர் என்றே நினைக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். அங்கே கைமடியாக, அதாவது டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து மடித்து அடுக்கும் வேலைக்கு, ஒரு பெண் வந்தார். சாப்பாட்டு நேரத்தில் சும்மா கிடக்கும், துணி ஓரத்தைப் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் கட்டிங் வேஸ்ட்டை வைத்துத் தைத்துப் பழகுவார். சூப்பர்வைசர் சத்தம் போட்டார். "விடுங்கள், பழகட்டும்" என்றேன். நான் அவருக்குச் செய்தது அவ்வளவுதான். இரண்டே ஆண்டில், தையலைத் தட்டையாகப் போடும் ஃப்ளாட்லாக் மெஷின் வரை கற்று, மாதிரி உடை தைக்கும் சாம்பிள் டெய்லர் ஆகிவிட்டார். கழுத்தில் வைக்கும் பட்டையான ரிப் கொஞ்சம் நீளமாக வெட்டப்பட்டிருந்தால், கையில் எடுத்தவுடனேயே "இது அலையடிக்கும்" என்று சொல்லிவிடுவார்.

ஒரு தையல் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் லைன் சூப்பர்வைசர் இடம் காலியானபோது தயங்கித் தயங்கிக் கேட்டார். "பார்க்கலாம்மா" என்றேன். டிப்ளமோ முடித்த பையன் ஒருவனை வெளியிலிருந்து எடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கணக்கை முடிக்க வந்து நின்றார். சம்பளம் கூட்டுகிறேன் என்றேன். "அண்ணா, அந்தத் தம்பிக்கு ஃப்ளாட்லாக்கில் நூல் கோக்க நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

படித்தவர்களை எடுக்கக் கூடாது என்கிறேனா என்று சண்டைக்கு வராதீர்கள். அந்தப் பையன் நன்றாகவே வேலை செய்தான். சம்பளம் முக்கியமில்லை என்றும் சொல்லவில்லை. ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூடுதல் என்றால் அது வீட்டு வாடகையில் ஒரு பங்குக்கு ஆகும், போகத்தான் செய்வார்கள். ஆனால் அவர் பணத்துக்காகப் போகவில்லை. இப்போது எந்த இடம் காலியானாலும் முதலில் லைனுக்குள் கேட்கிறேன். தர முடியாவிட்டால் என்ன குறை, எத்தனை மாதத்தில் கற்கலாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறேன். "பார்க்கலாம்" என்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 5 ஆண்டு முடித்தால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை தர வேண்டியிருக்கும் என்பதற்காகவே, அதற்கு முன்பே கணக்கை முடித்து, மறுவாரம் அதே ஆளைப் புதிதாகச் சேர்க்கும் யூனிட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களே தொழிலாளிக்கு விசுவாசம் இல்லை என்று பேசும்போது வயிறு எரிகிறது.

அந்தப் பெண் இப்போது வேறொரு யூனிட்டில் இரண்டு லைன்களைப் பார்த்துக்கொள்கிறார். எங்களிடம் ஃப்ளாட்லாக் பழகிய மூன்று பேர் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.