‘என்பதால்’ என்ற சொல்

அன்புள்ள ஐயா,

நான் முனைவர் பட்ட ஆய்வாளன். துகள் கடக்கும் நேரத்தை நுட்பமாகக் காட்டும் எல்ஜிஏடி என்ற வகையில், 50 மைக்ரான் தடிமனுள்ள இரண்டு சிலிக்கான் உணரிகளை, பீட்டா துகள்களை வீசும் ஸ்ட்ரான்சியம்-90 மூலத்தின் கீழ் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து அளந்தேன். அவை காட்டிய நேரங்களின் வேறுபாட்டுக்கு சிக்மா, அதாவது சிதறலின் அகலம், 50 பிக்கோ செகண்ட் வந்தது. இரண்டும் ஒரே வேஃபரில், அதாவது ஒரே சிலிக்கான் தகட்டில், வெட்டியவை என்பதால், இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்து, ஆளுக்கு 35 என்று எழுதினேன். மற்றவர்கள் 30 என்கிறார்கள். துடிப்புகளைப் பதியும் ஆஸிலோஸ்கோப்பை மாற்றவா, இன்னும் மெல்லிய உணரிக்குப் போகவா?

க.

அன்புள்ள க.,

ஆஸிலோஸ்கோப் பாவம், அதை விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘என்பதால்’ என்ற சொல்தான் என்னை எழுதவைத்தது. 30-இன் வர்க்கத்தையும் 40-இன் வர்க்கத்தையும் கூட்டினால் 50-இன் வர்க்கம் வரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் உங்களிடம் 30-இல் ஒரு நல்ல உணரியும் 40-இல் ஒரு நோயாளியும் இருக்கலாம். நீங்களோ இருவருக்கும் 35 என்று ஒரே மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டீர்கள். அளந்தது ஒரே ஒரு எண், அறிய வேண்டியவை இரண்டு. இடைவெளியை நம்பிக்கையால் நிரப்புவதற்குச் சோதனை என்று பெயரில்லை.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், இதே தவற்றை நானும் செய்தவன் என்பதுதான். ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னில், எஸ்பிஎஸ் முடுக்கியின் 120 ஜிஇவி ஆற்றலுள்ள பயான் துகள் கற்றையில் எங்களுக்கு ஓர் இரவு கிடைத்தது. உலர்பனி நிரப்பிய பெட்டிக்குள் ஒரே வேஃபரின் இரு உணரிகளை வைத்து, இரட்டையர் என்றே நம்பி விடியும்வரை தரவு எடுத்தோம். பிறகு அதை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது அகலம் மெல்லக் கூடிக்கொண்டே போயிருந்தது. ஒன்று உலர்பனிக்கு அருகில் இருந்தது. மற்றதன் பக்கம் பனி ஆவியாகித் தீர்ந்திருந்தது. மின்னழுத்தம் மாறாதபோது, குளிர்ந்த உணரியில் குறிகையின் பெருக்கம் கூடும், சூடேறியதில் குறையும்; பெருக்கம் குறைந்தால் நேரத் துல்லியமும் குறையும். பெட்டிக்குள் நாங்கள் வைத்திருந்தது ஒரே ஒரு வெப்பமானி. பொழுது விடியும்போது இரட்டையர் இல்லை, தூரத்து உறவினர்தான் மிஞ்சினர்.

மூன்றாவது உணரி ஒன்றை வையுங்கள். மூன்று சோடிகளுக்கும் அகலத்தை அளந்து, முதல் உணரி பங்கேற்ற இரு அகலங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அது பங்கேற்காத சோடியின் வர்க்கத்தைக் கழித்துப் பாதியாக்கினால், முதல் உணரியின் சிக்மாவினுடைய வர்க்கம் எவரையும் நம்பாமலே கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் அப்படியே. பீட்டா துகள்கள் வழியில் சிதறுவதால் மூன்றையும் கடப்பவை குறைவாகவே இருக்கும். இரவு முழுவதும் ஓடவிடுங்கள், தூங்கப் போங்கள், ஆனால் மூன்றுக்கும் தனித்தனி வெப்பமானி ஒட்டிவிட்டுப் போங்கள்.

மெல்லிய உணரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். துகள் தன் பாதையில் மின்னூட்டத்தைச் சீராக இறைப்பதில்லை. அந்த ஏற்ற இறக்கம் துடிப்பின் வடிவத்தையே ஒவ்வொரு முறையும் மாற்றுகிறது, எந்த மின்னணுச் சுற்றாலும் அதை முழுதாகத் திருத்த முடியாது. தடிமனைக் குறைத்தால் அது குறையும்; ஆனால் குறிகையும் சிறுக்கும், மின்தேக்கமும் ஏறும். 50 மைக்ரானில் கணக்குச் சரியாகாதவர் 25-இல் என்ன செய்வார் என்று கேட்க நினைத்தேன். நானும் அப்படித்தான் ஒரு காலத்தில் அவசரப்பட்டேன் என்பதால் கேட்கவில்லை.

மூன்று அகலங்களையும் அனுப்புங்கள், எதனாலும் வகுக்காமல்.