எரகானும் ரோரனும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொல்லித்தான் கிறிஸ்டோபர் பவோலினியின் 'எரகான்' நாவலைப் படித்தேன். இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன். அதே வேகத்தில் இரண்டாம் பாகமான 'எல்டஸ்ட்' எடுத்தால் நகரவே மாட்டேன் என்கிறது. மூன்று வாரம் இழுத்துக்கொண்டு போய் முடித்தேன். டிராகன் மேல் பறப்பதைப் படிக்கத்தானே வருகிறோம்? இதில் எரகான் காட்டுக்குள் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டே இருக்கிறான். நடுநடுவே அவன் மாமன் மகன் ரோரனின் கதை வேறு குறுக்கே வருகிறது. என் தோழிக்கு ரோரன்தான் உயிர், நானோ அந்த அத்தியாயங்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். குரு, பயிற்சி, கடைசியில் குடும்ப ரகசியம், எல்லாமே 'ஸ்டார் வார்ஸ்' என்கிறான் தம்பி. மூன்றாம் பாகம் வாங்கலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

இந்தப் புத்தகத்தைப் பற்றி யாராவது பேச மாட்டார்களா என்று காத்திருந்தேன். (இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவுவரை பேசப் போகிறேன்.)

உங்கள் தம்பி சொல்வது சரிதான். ஒதுங்கி வாழும் முதிய குரு, பாதியில் நிற்கும் பயிற்சி, சண்டைக்கு நடுவே உடையும் பிறப்பு ரகசியம் எல்லாம் 1980இல் வந்த இரண்டாவது 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் அச்சு. கிறிஸ்டோபர் பவோலினி இந்தக் கதையைத் தொடங்கியபோது வயது 15. 'எல்டஸ்ட்' 2005 ஆகஸ்டில் வெளியானபோது 21. அந்த வயதில் பிடித்ததெல்லாம் எழுத்தில் வந்து உட்காரும். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

ஆனால் எரகான் பாடம் படிக்கிற எல்லெஸ்மெராவில், எல்ஃப் என்ற மாய இனத்தின் காட்டு நகரத்தில், கதை தேங்குகிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்வா என்ற அந்தக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். முதல் பாகத்தில் ஒரு கிழவி கைக்குழந்தையை ஏந்திக்கொண்டு வந்து ஆசி கேட்கிறாள். எரகான் தொன்மொழியில், சொன்னால் மந்திரமாகப் பலிக்கும் அந்த மொழியில், நாலு வார்த்தை சொல்கிறான். படிக்கிற நாமும் மனம் நெகிழ்ந்து பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். இரண்டாம் பாகத்தில், என்ன சொன்னாய், அப்படியே சொல் என்று கேட்கிறார் அவன் குரு ஓரோமிஸ். 'துன்பத்திலிருந்து நீ காக்கப்படுவாயாக' என்று நினைத்துக்கொண்டு 'துன்பத்தைத் தடுக்கும் கவசமாக நீ இரு' என்று சொல்லியிருக்கிறான். விகுதியில் ஒரு பிழை, அவ்வளவுதான். பேச்சு வராத அந்தக் குழந்தை அன்றிலிருந்து சுற்றியிருக்கிற அத்தனை பேர் வலியையும் உணர்ந்து, அதைத் தடுக்கச் சொல்லும் உந்துதலோடு வளர்கிறது. சில மாதங்களிலேயே பெரியவள் குரலில் பேசுகிறது.

நித்தியத்துவம் கேட்க வந்து நா பிறழ்ந்து நித்திரைத்துவம் கேட்ட கும்பகர்ணன் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு சொல் ஒரு உயிரை என்ன செய்யும் என்று நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எரகான் அத்தனை நாள் உட்கார்ந்து இலக்கணம் படிப்பது அதற்குத்தான். அந்த அத்தியாயங்களை வேகமாக எழுதியிருந்தால் எல்வாவைப் பார்த்து நமக்கு வயிற்றைக் கலக்கியிருக்காது.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். எரகானின் முதுகில் தழும்பு, வாள் வீசும்போது வலி வெட்டி இழுத்து அவனைக் கீழே தள்ளுகிறது, வனிர் என்ற எல்ஃப் அவனை ஏளனம் செய்கிறான். அந்த உடம்போடு அவன் எப்படி டிராகன் வீரனாகப் போகிறான் என்பதுதான் எனக்குப் புத்தகத்தின் உயிரான கேள்வி. அப்புறம் ஒரு திருவிழா இரவு வருகிறது. மந்திரம் தழும்பைத் துடைத்துவிட்டு, எல்ஃபுக்கு நிகரான உடம்பையும் கொடுத்துவிடுகிறது. விடிந்ததும் வனிரைத் தோற்கடிக்கிறான். அவ்வளவு பொறுமையாக எழுதி வந்தவர் இங்கே மட்டும் ஏன் அவசரப்பட்டார்? நீங்கள் மெதுவான பக்கங்களில் அலுத்தீர்கள், நான் இந்த ஒரு வேகமான பக்கத்தில் ஏமாந்தேன்.

அதனால்தான் ரோரனைத் தாண்டிப் போகாதீர்கள் என்கிறேன். எரகானின் மாமன் மகன், கூடவே வளர்ந்தவன். அவனுக்கு டிராகனும் இல்லை, மந்திரமும் இல்லை, கையில் ஒரு சுத்தியல்தான். அவனைப் பிடிக்க வந்தவர்கள் அவன் காதலி கத்ரீனாவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். காட்டிக்கொடுத்தது அவளைப் பெற்ற அப்பனே. ஊரையே கிளப்பிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக எல்லோரும் பயந்த மலையைக் கடந்து, கடற்கரை சேர்ந்து, டெய்ர்ம் துறைமுகத்தில் கப்பல் திருடுகிறான். தான் கொன்றவர்களை எண்ணிக்கொண்டே போகிறான் பாருங்கள், அந்த எண்ணிக்கை என்னைத் தூங்கவிடவில்லை. எந்த இரவும் அவன் காயத்தைத் துடைத்துவிடுவதில்லை. அந்தக் கப்பலின் பெயர் 'டிராகன் விங்'. டிராகன் இல்லாதவனுக்கு ஆசிரியர் கொடுத்த சிறகு அதுதான் என்று நினைத்துக்கொள்வேன். உங்கள் தோழி கெட்டிக்காரி.

கடைசிச் சண்டையை மறுபடி ஒருமுறை படியுங்கள். எரகானின் அண்ணன் என்று அங்கே தெரியவரும் மூர்டாக்கின் உண்மைப் பெயரை (அது தெரிந்தவனுக்கு அவன் அடிமை) கண்டுபிடித்து, அவனைச் சத்தியத்தால் கட்டிப்போட்டிருக்கிறான் கொடுங்கோல் அரசன் கல்படோரிக்ஸ். எரகானைப் பிடிக்க 'முயற்சி செய்' என்பது கட்டளை. முயற்சி செய்தாயிற்று என்று சொல்லி மூர்டாக் அவனை விட்டுவிடுகிறான். எல்வாவைச் சிறைவைத்ததும் ஒரு சொல்தான், எரகானைத் தப்பவிட்டதும் ஒரு சொல்தான். போகும்போது மூர்டாக் எரகானிடமிருந்து சார்ராக் என்ற வாளை எடுத்துக்கொள்கிறான், மூத்தவனுக்குரிய சொத்து என்று. புத்தகத்தின் தலைப்பும் ('எல்டஸ்ட்' என்றால் மூத்தவன்), அட்டையில் எரகானின் நீல டிராகனுக்குப் பதில் மூர்டாக்கின் சிவப்பு டிராகன் ஏன் இருக்கிறது என்பதும் அங்கேதான் விளங்குகிறது. ஒரு சொல்லில் உயிர் தொங்கும் இந்த விளையாட்டு எந்தப் படத்தின் அச்சும் இல்லை என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் பாகம் 'பிரிசிங்கர்', 2008இல் வந்தது. தாராளமாக வாங்குங்கள். எல்வாவைச் சரிசெய்கிறேன் என்று எரகான் வாக்குக் கொடுத்தான் அல்லவா? அவன் மந்திரத்தைத் திருத்தப் போகும்போது அந்தக் குழந்தை என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா