பி மதிப்பு 0.13 வந்தால் ஆய்வேடு வீணா?

கேள்வி: நான் எம்.எட். இரண்டாம் ஆண்டு மாணவி. எட்டாம் வகுப்பு மாணவர்கள் 80 பேரைச் சீட்டுக் குலுக்கி நாற்பது நாற்பதாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் செயல்வழியிலும் மற்றொன்றுக்கு வழக்கமான முறையிலும் பின்னங்களை நானே கற்பித்தேன். ஐம்பதுக்கு நடந்த தேர்வில் சராசரி 33.6, 31.2 என வந்தது; இரு குழுவிலும் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கும் அளவு) 7. தரவுப் பகுப்பாய்வு செய்துதரும் மையத்தில் டி மதிப்பு 1.53, பி மதிப்பு 0.13 என்று கூறி, 384 பேர் இல்லாததால்தான் இப்படி என்கிறார்கள். "கொஞ்சம் சுத்தம் செய்து" 0.05க்குக் கீழே கொண்டுவர 6,000 ரூபாய் கேட்கிறார்கள்; 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். கருதுகோள் நிராகரிக்கப்படாவிட்டால் ஆய்வேடு ஏற்கப்படாதா?

பதில்: ஏற்கப்படும், ஏற்கப்படவும் வேண்டும். மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

முதலில் 0.13 சொல்வது என்னவென்று பார்ப்போம். செயல்வழிக் கற்பித்தலால் துளியும் பயனில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எந்தக் குழந்தை எந்தக் குழுவில் விழுந்தது என்கிற குலுக்கலின் தற்செயலால் மட்டுமே, 2.4 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ ஏதாவது ஒரு பக்கம் வித்தியாசம் வருவது நூற்றில் சுமார் 13 முறை நடக்கும். அவ்வளவுதான் அதன் பொருள். புதிய முறை பயனற்றது என்பதற்கு 13 விழுக்காடு வாய்ப்பு என்றோ, பயனில்லை என்று நிரூபணமாகிவிட்டது என்றோ அதற்குப் பொருளில்லை. இன்மைக் கருதுகோளை, அதாவது இரு முறைகளுக்கும் வித்தியாசமே இல்லை என்ற அனுமானத்தை, நிராகரிக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை என்று எழுதலாம். இன்மைக் கருதுகோள் உண்மையெனத் தெரிகிறது என்று எழுதக் கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக எண்ணுகிற நெறியாளர்களும் இருக்கிறார்கள் என்பது உங்கள் குற்றமல்ல.

பி மதிப்பு 0.05க்குக் கீழே வந்தால்தான் இன்மைக் கருதுகோளை நிராகரிப்பது வழக்கம். இந்த எல்லை வானத்திலிருந்து விழுந்ததல்ல. ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வெளியிட்ட தம் நூலில், வசதியான ஓர் எல்லையாக அதை எடுத்துக்கொண்டார். ஒரு முடிவை இந்த எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016இல் அறிக்கையே வெளியிட்டது. நம் கல்வியியல் துறைகளிலோ நான்காம் அத்தியாயத்தின் ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழும் "நிராகரிக்கப்படுகிறது" என்ற சொல் இருந்தால்தான் ஆய்வு நடந்ததாகக் கருதுகிறார்கள். அந்த மையங்கள் பிழைப்பதே இந்த மனநிலையால்தான்.

384 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய மக்கள்தொகுதி ஒன்றில் ஒரு விழுக்காட்டை, 95 விழுக்காடு நம்பிக்கையுடன், ஐந்து புள்ளி கூடுதல் குறைவுக்குள் மதிப்பிட வேண்டுமானால் தேவைப்படும் எளிய சமவாய்ப்பு மாதிரி அது. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து எடுத்து எல்லா ஆய்வேடுகளிலும் ஒட்டிவருகிறார்கள். இரண்டு சராசரிகளை ஒப்பிடும் உங்கள் ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் உங்கள் மாதிரி சிறியது என்பது மட்டும் மெய்தான்: உண்மையான வித்தியாசம் 2.4 ஆகவே இருந்தாலும், குழுவுக்கு 40 பேரை வைத்து அதைப் பிடிக்கும் (பி 0.05க்குக் கீழே வரும்) வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். ஐந்தில் நான்கு முறை பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 135 பேர் வேண்டும். ஓராண்டில் தனியாளாக ஒரு மாணவி எப்படி அத்தனை பேருக்குப் பாடம் நடத்துவாள் என்று பாடத்திட்டம் வகுத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

"சுத்தம் செய்வது" என்றால் என்னவென்று நான் புறத்தேர்வாளராக இருந்து பார்த்திருக்கிறேன். ஒருமுறை பின்னிணைப்பில் இருந்த மதிப்பெண் பட்டியலைப் புரட்டியபோது ஒவ்வொரு குழுவிலும் 41ஆவது வரிசையிலிருந்து முதல் வரிசையே மீண்டும் தொடங்கியது. எண்பது பேரை நூற்றறுபது பேராக்கியிருந்தார்கள். உங்கள் எண்களையும் அப்படி இரட்டித்தால் சராசரிகள் அசையாது, ஆனால் டி (வித்தியாசம் தற்செயல் அசைவைப்போல் எத்தனை மடங்கு என்ற அளவு) 2.18 ஆகவும் பி 0.03 ஆகவும் மாறிவிடும். ஒரு குழந்தைகூடப் புதிதாகத் தேர்வு எழுதாமல் சான்று மட்டும் பெருகிவிடுகிறது! இன்னும் நாசூக்கானவர்கள் செயல்வழிக் குழுவில் குறைந்த மதிப்பெண் வாங்கிய நான்கைந்து பேரை "விலகிய மதிப்புகள்" என்று நீக்குவார்கள். புதிய முறைக்குச் சாதகமான பக்கத்து வித்தியாசத்தை மட்டும் எண்ணும் ஒருபக்கச் சோதனையாக மாற்றச் சொல்பவர்களும் உண்டு. முடிவைப் பார்த்த பிறகு அதைச் செய்வது முறையல்ல, செய்தாலும் உங்களுக்கு 0.065தான் வரும். வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்டு நிற்கப்போவது நீங்கள்தான், மையக்காரர் அல்லர்.

ஒரே ஒரு நேர்மையான வழி உங்களுக்குத் திறந்திருக்கலாம். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். கற்பிக்கத் தொடங்குமுன் இரு குழுவுக்கும் முன்தேர்வு நடத்தியிருந்து, அந்த மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்து அன்கோவா முறையில் ஒப்பிடப்போவதாக, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு முன்மொழிவிலேயே எழுதியிருந்தால், அதைச் செய்யுங்கள். குழந்தைகளுக்குள் முன்பே இருந்த ஏற்றத்தாழ்வு கழிந்துவிடுவதால் திட்டப்பிழை, அதாவது தற்செயலால் வித்தியாசம் அசையும் அளவு, குறையும். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் இடையே ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு; முழுமையாக என்றால் 1) 0.7 என்றால், விளக்கப்படாத திட்ட விலக்கம் 7இலிருந்து 5 ஆக இறங்கும். ஆனால் வித்தியாசமும் 2.4ஆகவே நிற்கும் என்பதில்லை. சீட்டுக் குலுக்கலில் செயல்வழிக் குழுவுக்குக் கெட்டிக்காரர்கள் சற்றுக் கூடுதலாகப் போயிருந்தால் அது குறையும், எதிராக நடந்திருந்தால் கூடும். எனவே பி மேலும் போகலாம், கீழும் வரலாம். எது வந்தாலும் அதையே எழுத வேண்டும். முன்மொழிவில் இல்லாமல் இப்போது தோன்றியது என்றால், முன்பு செய்த டி சோதனையையும் மறைக்காமல் கொடுத்து, இது பின்னர் சேர்த்தது என்று குறிப்பிட்டுவிடுங்கள். முன்தேர்வே நடத்தவில்லை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். மையத்தில் அதற்கும் எண்கள் "உருவாக்கித்" தருவார்கள், வாங்காதீர்கள்.

ஆய்வேட்டில் இப்படி எழுதுங்கள்: "செயல்வழிக் குழு சராசரியாக 2.4 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றது. இவ்வித்தியாசத்தின் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி -0.7 முதல் 5.5 வரை; டி = 1.53, பி = 0.13." இந்த இடைவெளி என்பது உங்கள் தரவோடு ஒத்துப்போகும் வித்தியாசங்களின் வீச்சு. அதற்குள் பூச்சியம் இருப்பதால் பயனில்லை என்ற சாத்தியத்தை விலக்க முடியவில்லை என்றும், ஐந்து மதிப்பெண் வரையிலான பயனையும் விலக்க முடியவில்லை என்றும், மாதிரி சிறியதென்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெறியாளர் முகம் சுளித்தால், இந்த இடைவெளியைக் காட்டி விளக்குங்கள்.

கொடுத்த முன்பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது: விடைத்தாள்கள் உங்களிடம்தானே இருக்கும், 80 மதிப்பெண்களையும் ஒரு தாளில் நீங்களே புதிதாக எழுதி, மையத்திலிருந்து திரும்ப வாங்கும் கோப்போடு வரிசை வரிசையாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, உங்கள் தாளிலிருந்தே டி மதிப்பைக் கணக்கிடுங்கள்.